கணினிக்குத் தமிழ் தெரியுமா? – கிரேஸ் ஹாப்பரின் வாழ்க்கை



நம் சமூகக் கூடத்தில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் கணினி வகுப்பு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்காக அதைத் தொடங்கினோம். நம் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள், நம் வளாகத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் வருகிறார்கள். நீங்கள் மனமுவந்து கொடுத்த நான்கு பழைய மடிக்கணினிகளும் ஒரு மேசைக் கணினியும்தான் எங்கள் சொத்து. சொல்லிக்கொடுப்பவர்கள் மூன்று பேர். அதில் வயதில் மூத்தவன் நான். பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே ஓய்வு பெற்றவன்.

மூன்று மாதங்களுக்கு முன் அந்த வகுப்பில் நான் ஒரு தவறு செய்தேன். நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, தமிழ்வழிப் பள்ளிக் குழந்தை, வந்த நாள் முதல் மவுஸைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அன்று முதல்முறையாக வாய் திறந்து, இந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டாள். நான் யோசிக்காமல், தெரியாது பாப்பா, அதற்கு இங்கிலீஷ்தான் தெரியும், நீ முதலில் இங்கிலீஷ் நன்றாகப் படி என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் வகுப்புக்கு வரவில்லை.

என் பதில் இரண்டு வகையில் தவறு. ஒரு குழந்தையிடம் சொல்லக்கூடாததைச் சொன்னேன் என்பது ஒன்று. அது உண்மையும் இல்லை என்பது இன்னொன்று. அது உண்மையில்லை என்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துக் காட்டியவர் ஒரு பெண்மணி. பெயர் கிரேஸ் ஹாப்பர். அவர் கதையை இந்த இதழில் உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணினியை எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே பாடம் இருக்கிறது.

ஏழு கடிகாரங்கள்

கிரேஸ் 1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். மூன்று குழந்தைகளில் மூத்தவர். அப்பா காப்பீட்டுத் தொழிலில் இருந்தார். தாய்வழித் தாத்தா நில அளவைப் பொறியாளர். அவர் வேலைக்குப் போகும்போது பேத்தியையும் கூட்டிக்கொண்டு போவார். அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பது கிரேஸின் வேலை.

ஏழு வயதில் அவருக்கு அலாரக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. ஒன்றைப் பிரித்தார், மறுபடி பூட்டத் தெரியவில்லை. அதைப் பார்த்துப் பூட்டலாம் என்று இன்னொன்றைப் பிரித்தார். இப்படியே வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களும் பாகம் பாகமாகத் தரையில் கிடந்தன. நம் வீடாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் அம்மா ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் கொடுத்து, இனி இதோடு விளையாடிக்கொள் என்று விட்டுவிட்டார். ஏழு ஒன்றாகக் குறைந்ததே தவிர, பிரித்துப் பார்ப்பதற்குத் தடை வரவில்லை.

அப்பாவுக்கு ரத்தநாள நோயால் இரண்டு கால்களையும் எடுக்க வேண்டிவந்தது. தனக்கு ஏதாவது நேர்ந்தாலும் பெண்கள் தங்கள் காலில் நிற்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். அதனால் மகனுக்குக் கொடுத்த படிப்பையே மகள்களுக்கும் கொடுத்தார்.

மார்க் குறைந்துபோன பேரப்பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். வாசர் கல்லூரியில் சேர கிரேஸ் முதல்முறை விண்ணப்பித்தபோது இடம் கிடைக்கவில்லை. லத்தீன் மொழித் தேர்வில் மதிப்பெண் போதவில்லை. ஒரு வருடம் காத்திருந்து மறுபடி முயன்று சேர்ந்தார். கணிதமும் இயற்பியலும் படித்து 1928-இல் பட்டம் வாங்கினார். 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவரானார். இடையில் 1930-இல் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்ததால் ஹாப்பர் என்ற பெயர் வந்தது. அந்தத் திருமணம் 1945-இல் முறிந்தது, பெயர் மட்டும் கடைசிவரை நிலைத்தது.

கணித வகுப்பில் கட்டுரை

1931 முதல் தான் படித்த வாசர் கல்லூரியிலேயே கணிதம் சொல்லிக்கொடுத்தார். நிகழ்தகவுப் பாடத்தில் ஒரு சூத்திரத்தை விளக்கிவிட்டு, அதைப் பற்றித் தெளிவான நடையில் ஒரு கட்டுரை எழுதி வாருங்கள் என்பார். அந்தக் கட்டுரையில் இருக்கும் எழுத்துப் பிழைகளையும் நடைப் பிழைகளையும்கூடத் திருத்துவார். நாங்கள் கணக்குப் படிக்க வந்தோமா, மொழிப்பாடம் படிக்க வந்தோமா என்று மாணவிகள் முணுமுணுத்தார்கள். தெரிந்ததை இன்னொருவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல வராவிட்டால் கணக்குத் தெரிந்து என்ன பயன் என்பது அவர் கட்சி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் செய்த பெரிய காரியங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் வேர்.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. கிரேஸ் கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம் என்றார்கள். தேவையான எடைக்கு 15 பவுண்டு, அதாவது சுமார் ஏழு கிலோ குறைவு என்றார்கள். கணிதப் பேராசிரியர் கல்லூரியில் இருப்பதே நாட்டுக்கு நல்லது என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. தனி அனுமதி வாங்கி 1943 டிசம்பரில் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். பயிற்சியில் முதலாவதாக வந்தார். 1944 ஜூலையில், 37 வயதில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு இயந்திரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார்.

அந்த இயந்திரத்தின் பெயர் மார்க் 1. 51 அடி நீளம், 8 அடி உயரம், ஏறத்தாழ ஐந்து டன் எடை. நம் சமூகக் கூடத்தின் ஒரு சுவர் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். இவ்வளவு இருந்தும் ஒரு நொடிக்கு மூன்று கூட்டல்தான் போடும். ஓட்டை போட்ட காகித நாடாவில் கட்டளைகளைக் கொடுக்க வேண்டும். தலைவர் ஹோவர்ட் ஐக்கன் கண்டிப்பான மனிதர். இயந்திரத்துக்கு முழுக் கையேடு ஒன்றை எழுதும் வேலையை அவர் கிரேஸிடம் ஒப்படைத்தார். ஐந்நூறு பக்கங்களைத் தாண்டிய அந்தப் புத்தகம் 1946-இல் வெளிவந்தது.

1947-இல் அடுத்த இயந்திரமான மார்க் 2 ஒருநாள் மக்கர் செய்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதிவைத்தார்கள். இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. பூச்சியைப் பிடித்ததும் கிரேஸ் அல்ல. ஆனால் அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிப் பரப்பியவர் அவர். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது ஒருவன் மடிக்கணினியைக் கவிழ்த்துப் பூச்சி தேட ஆரம்பித்துவிட்டான்.

டேலி ஆகாத வங்கிக் கணக்கு

1949-இல் கிரேஸ் பிலடெல்பியா நகரில் எக்கர்ட், மௌச்லி என்ற இருவர் தொடங்கிய கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். வங்கிக்காரனான எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த சம்பவம் இங்கேதான் நடந்தது.

அங்கே செய்துகொண்டிருந்த ஒரு இயந்திரம் எண்ம முறையில், அதாவது எட்டை அடிப்படையாகக் கொண்டு கணக்குப் போடும். அந்த முறையில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. ஏழோடு ஒன்றைக் கூட்டினால் 10 என்று எழுத வேண்டும். இயந்திரத்தோடு பேசுவதற்காக கிரேஸ் இந்தக் கணக்கை நன்றாகப் பழகிக்கொண்டார். கொஞ்ச நாளில் அவருடைய சொந்த வங்கிக் கணக்கு டேலி ஆகவில்லை. எத்தனை முறை பார்த்தும் தவறு பிடிபடவில்லை. கடைசியில் வங்கித் துறையில் இருந்த தம்பியிடம் கொடுத்தார். தம்பி உட்கார்ந்து பார்த்துவிட்டு, அக்கா சில இடங்களில் நம்மைப் போலவும் சில இடங்களில் இயந்திரத்தைப் போலவும் கழித்திருப்பதைக் கண்டுபிடித்தார்.

கேட்டால் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் கிரேஸ் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். மனிதன் இயந்திரத்தைப் போல யோசிக்கப் பழகினால் தன் கணக்கையே தப்பாகப் போட ஆரம்பிக்கிறான். இயந்திரம் மனிதனின் வழிக்கு வரட்டும்.

அப்போது நிரல் எழுதுபவர்கள் பழைய நோட்டுப் புத்தகத்தில் இருந்த கட்டளைத் தொகுதிகளைப் பார்த்து, புதிய வேலைக்குத் தகுந்தபடி எண்களை மாற்றிக் கையால் படி எடுத்துக்கொண்டிருந்தார்கள். படி எடுக்கும்போதும் பிழை, கூட்டும்போதும் பிழை. லெட்ஜரில் பார்த்து எழுதியவர்களுக்கு இந்த வேதனை தெரியும். படி எடுப்பதும் கூட்டுவதும் இயந்திரம் பிழையில்லாமல் செய்யும் வேலைகள், அதை ஏன் அதனிடமே விடக்கூடாது என்று கிரேஸ் கேட்டார். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு குறியீடு கொடுத்தார். குறியீட்டைச் சொன்னால் இயந்திரமே தொகுதியைத் தேடி எடுத்து, கோத்து, முழு நிரலையும் தயாரித்துவிடும். 1952 வாக்கில் இது ஓடியது. கணினி கணக்கு மட்டும்தான் போடும், நிரல் எழுதாது என்று சொல்லி ஓடிக்கொண்டிருந்ததையே பலர் நம்ப மறுத்தார்கள்.

பிரெஞ்சில் பேசிய இயந்திரம்

இனி அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன்.

கிரேஸ் அடுத்த படிக்குப் போனார். கணிதம் படித்தவர்களுக்குக் குறியீடுகள் போதும். ஆனால் சம்பளப் பட்டியல் போடுகிறவர், சரக்குக் கணக்கு எழுதுகிறவர், வங்கிக் குமாஸ்தா என்று கணினி தேவைப்படும் பெரும்பாலானவர்கள் குறியீட்டு மனிதர்கள் அல்ல. அவர்கள் தினமும் பேசும் வார்த்தைகளிலேயே கட்டளை கொடுக்கலாம் என்றார். ஆங்கில வார்த்தைகளை எடுத்துக்கொண்டு இயந்திரத்துக்குப் புரியும் எண்களாக மாற்றும் மொழி ஒன்றைத் தன் குழுவோடு உருவாக்கினார். அதுதான் பின்னர் ஃப்ளோமேட்டிக் என்ற பெயரில் வெளிவந்தது.

மேலதிகாரிகளிடம் செய்து காட்டும்போது ஒரு காரியம் செய்தார். அதே நிரலை ஆங்கிலத்தில் ஓட்டியதோடு நிற்காமல் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஓட்டிக் காட்டினார். இயந்திரத்துக்கு மொழி என்று ஒன்று கிடையாது, எந்த வார்த்தைக்கு எந்த எண் என்று பட்டியல் கொடுத்தால் போதும் என்பதை விளக்கவே அப்படிச் செய்தார். அதிகாரிகள் அதிர்ந்துபோனார்கள். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்க இயந்திரத்துக்கு பிரெஞ்சு எப்படிப் புரியும் என்பது அவர்களுக்குச் சந்தேகம். இனி ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி கொடுத்து அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

நண்பர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கணினிக்கு ஆங்கிலம்தான் தெரியும் என்று அன்று நினைத்தவர்கள் கணினி நிறுவனத்தின் அதிகாரிகள். எழுபது வருடம் கழித்து நம் சமூகக் கூடத்தில் அதையே ஒரு குழந்தையிடம் சொன்னவன் நான். கணினிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். கூட்டு என்று எழுதினாலும் ஆட் என்று எழுதினாலும் இரண்டையும் ஒரே எண்ணாக மாற்றும் வேலையை யாரோ ஒருவர் செய்து வைத்தால் இரண்டும் அதற்கு ஒன்றுதான். தமிழில் கட்டளை எழுத எழில் என்ற நிரல்மொழியே இருக்கிறது.

1959-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் அரசும் நிறுவனங்களும் கூடி, வணிகக் கணக்குகளுக்கு எல்லா இயந்திரங்களிலும் ஓடக்கூடிய ஒரு பொது மொழி வேண்டும் என்று முடிவெடுத்தன. அப்படிப் பிறந்ததுதான் கோபால். அதை எழுதியது ஒரு குழு. கிரேஸ் அதற்கு ஆலோசகர். அவருடைய ஃப்ளோமேட்டிக்தான் அதற்கு முக்கிய அடித்தளம். 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரலை இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓட்டிக் காட்டினார்கள். உலகெங்கும் வங்கிகள் அந்த மொழியில் கணக்கு எழுத ஆரம்பித்தன. இன்றும் பல பெரிய வங்கிகளின் கணினிகளில் கோபால் ஓடிக்கொண்டிருக்கிறது.

1990 வாக்கில் எங்கள் கிளைக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வரப்போகிறது என்று பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியாளர் மூச்சுக்கு மூச்சு கோபால், கோபால் என்றார். பக்கத்தில் இருந்த நண்பர் என் காதருகே குனிந்து, தலைமை அலுவலகத்தில் யார் அந்தக் கோபால், புதிதாக வந்த அதிகாரியா என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஆனால் அன்று எங்கள் எல்லோருக்கும் உள்ளூரப் பயம். கையேடு முழுக்க ஆங்கிலம், தப்பான பொத்தானைத் தொட்டால் கணக்கெல்லாம் அழிந்துவிடும் என்ற நடுக்கம். முப்பது வயதில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான், ஒன்பது வயதுக் குழந்தை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் புரிந்துகொள்ளவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கையில் ஒரு நானோ நொடி

1966-இன் இறுதியில் கடற்படை வயதைக் காரணம் காட்டி கிரேஸுக்கு ஓய்வு கொடுத்தது. ஏழு மாதம் கழித்து, ஆறு மாத வேலை இருக்கிறது வாருங்கள் என்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் பத்தொன்பது வருடமாக நீண்டது. ரியர் அட்மிரல் பதவிவரை உயர்ந்தார். 1986 ஆகஸ்டில், 79 வயதில், பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு பழைய போர்க்கப்பலின் மேல்தளத்தில் அவருக்கு ஓய்வு விழா நடந்தது. பணியில் இருந்த கடற்படை அதிகாரிகளில் அன்று அவர்தான் வயதில் மூத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு கணினி நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். அறுபதில் கால் நீட்டி உட்கார்ந்துவிடும் நமக்கெல்லாம் இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.

அந்தப் பேச்சுகளுக்குப் போகும்போது ஒரு கட்டு வயர்த் துண்டுகளை எடுத்துப் போவார். கணினிக்காரர்கள் நானோ நொடி, நானோ நொடி என்று பேசிக்கொண்டிருந்தபோது, நூறு கோடியில் ஒரு பங்கு நொடி என்றால் அவருக்கே மனதில் பிடிபடவில்லையாம். பொறியாளர்களிடம், எனக்கு ஒரு நானோ நொடியை வெட்டி அனுப்புங்கள் என்று கேட்டார். வந்து சேர்ந்தது 11.8 அங்குலத் தொலைபேசி வயர். ஒரு நானோ நொடியில் மின்சாரம் அதிகபட்சம் அவ்வளவு தூரம்தான் போக முடியும். கிட்டத்தட்ட நம் பள்ளி ஸ்கேல் நீளம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு நொடியைக் காட்ட 984 அடி வயரைச் சுருட்டி எடுத்துவருவார். இன்னும் சின்ன அளவுக்கு மிளகுத் தூளைக் காட்டுவார். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போக ஏன் தாமதம் என்று கேட்ட தளபதிகளுக்கும் இதே வயர்தான். அங்கிருந்து இங்கே வருவதற்குள் எத்தனை துண்டு வயர் இருக்கிறது பாருங்கள் என்பார்.

அலுவலக அறையில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தார். அது வலமிருந்து இடமாகச் சுற்றும், ஆனால் நேரத்தைச் சரியாகக் காட்டும். இதுநாள்வரை இப்படித்தான் செய்தோம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களுக்கு அதுவே பதில். கடிகாரத்தைப் பிரித்த சிறுமி கடைசிவரை மாறவில்லை. தன் கண்டுபிடிப்புகளைவிட, தான் பயிற்சி கொடுத்த இளைஞர்களையே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். 1992-ஆம் ஆண்டின் முதல் நாள், 85 வயதில் காலமானார். அவர் பெயரில் ஒரு போர்க்கப்பல் இருக்கிறது. 2016-இல் அமெரிக்காவின் உயர்ந்த குடிமக்கள் விருது, மறைவுக்குப் பின் அவருக்கு அளிக்கப்பட்டது.

நம் வகுப்பில் என்ன மாற்றம்

இதைப் படித்த பிறகு நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். இப்போது வகுப்பின் முதல் அரைமணி நேரம் கணினியைத் திறப்பதே இல்லை. இரண்டு அடி முன்னே போ, இடப்பக்கம் திரும்பு, பந்தை எடு என்று தமிழில் எழுதிய அட்டைகளைப் பிள்ளைகளே அடுக்குகிறார்கள். ஒரு குழந்தை கணினியாகி, அட்டையில் உள்ளபடி மட்டும் கூடத்துத் தரையில் நடக்கிறது. அட்டை தப்பாக இருந்தால் போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளும். பூச்சி, பூச்சி என்று எல்லோரும் கத்துவார்கள். பிறகு அவர்களே அட்டையை மாற்றி வைக்கிறார்கள். நிரல் எழுதுவது என்றால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு கணினியைத் திறந்தால் யாரும் கையைக் கட்டிக்கொள்வதில்லை. ஆங்கிலமும் வேண்டியதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வாசலில் நிற்கும் காவலாளியாக இருக்க வேண்டாம். உள்ளே வந்த பிறகு மெதுவாகக் கற்றுக்கொள்ளட்டும்.

அந்தச் சிறுமியின் அம்மாவைப் பார்த்து, மகளிடம் நான் பேச வேண்டும் என்று கேட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அவளிடம், அன்று தாத்தா சொன்னது தப்பு பாப்பா, கணினிக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்தாள். அன்றும் மவுஸைத் தொடவில்லை. நான் வெட்டி வைத்திருந்த வயர்த் துண்டுகளில் ஒன்றை எடுத்து, இது எனக்கா என்று கேட்டுவிட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனாள். இப்போது தவறாமல் வருகிறாள்.

உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். வீட்டில் ஓடாத அலாரக் கடிகாரம், பழைய ரேடியோ, கால்குலேட்டர் இருந்தால் பழைய பொருள்காரரிடம் போடாதீர்கள், செல்லைக் கழற்றிவிட்டுச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பிள்ளைகள் பிரித்துப் பார்க்கட்டும், மறுபடி பூட்டாவிட்டாலும் பரவாயில்லை. இன்னொன்று, சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் வாருங்கள். கணினி தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. ஒரு குழந்தை கேட்கும் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல் இருக்கத் தெரிந்தால் போதும். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள அறுபது வயதுக்கு மேல் ஆயிற்று.

– சங்க உறுப்பினர், ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர்